அம்மாவுக்குப் போட்ட சேர்

ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிற அன்னிக்கு என் வேலை, தாய்கிட்டேருந்து புள்ளையைப் பிரிக்கிறது. அதுக்குத்தான் சம்பளம். ஓசூர்ல ஒரு நர்சரி அண்ட் பிரைமரி ஸ்கூல்ல நான் ஆயா. எல்.கே.ஜி.யிலேருந்து அஞ்சாவது வரைக்கும் அத்தனை புள்ளைங்களுக்கும் நான் ஆயாம்மா. என் பேரு ஹாஜர் எடுக்கிற ஆபீஸ் கிளார்க்குக்கு மட்டும்தான் தெரியும், அவரும் கூப்பிடுறது ஆயாம்மான்னுதான்.

முத நாள் காலையில கேட்ல நிக்கணும். ஸ்கூட்டர்லயும் ஆட்டோவுலயும் கார்லயும் வந்து எறங்குற புதுப் புள்ளைங்க அம்மா துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு வீறிட்டுக் கத்தும். நான் போயி விரலை ஒவ்வொண்ணா எடுத்து விட்டு, இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு உள்ள ஓடணும். அம்மா திரும்பிப் பாக்காம போயிடணும். எங்க மேடம் சொல்லிக் குடுத்த முறை இது. ஒண்ணு கையைக் கடிக்கும், ஒண்ணு ஜடையைப் பிடிச்சு இழுக்கும். இந்த ஊருல ஒரு பாஷையோட வேலை முடியுமா? "அழாத கண்ணு"ன்னு ஆரம்பிச்சு, கன்னடப் புள்ளைக்கு "அளபேடா", தெலுங்குப் புள்ளைக்கு "ஏடவொத்து", இப்ப நெறைய வந்துட்ட வடக்கத்திப் புள்ளைங்களுக்கு "ரோ மத்". மணி அடிக்கிறதுக்குள்ள என் தோள் பூரா ஊராம்புள்ளைங்க மூக்குச் சளி.

அந்த அழுகாச்சி எல்லாம் எனக்குப் பழகிப் போச்சு. எம்பொண்ணு அழாததுதான் என்னால தாங்க முடியலை.

எம்பொண்ணும் அதே ஸ்கூல்லதான் படிக்கிறா. ஆயா புள்ளைக்கு ஃபீஸ் வேணாம்னு மேடம் தானாவே சொன்னாங்க. அவங்க நல்லவங்கதான். முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் நன்றி கெட்டவன்னு என்னை யாரும் பேச வேணாம். சேர்க்கிற அன்னிக்கு ரூமுக்குள்ள கூப்பிட்டு, ஃபேனைப் போட்டு, எதிர்ல உக்கார வெச்சு, ரொம்ப மெதுவாத்தான் சொன்னாங்க.

"இது உங்க பொண்ணுன்னு பேரன்ட்ஸ் யாருக்கும் தெரிய வேணாம்மா. தெரிஞ்சா, ஆயா புள்ளைக்கு ஃப்ரீன்னா எங்களுக்கும் குறைங்கன்னு வந்து நிப்பாங்க. சில பேரு, அந்தப் புள்ளை பக்கத்துல எம்புள்ளையை உக்கார வெக்காதீங்கன்னே சொல்வாங்க. எனக்கு அந்த மாதிரி எல்லாம் கிடையாது. ஜனங்க அப்படி. பாப்பா நல்லதுக்குத்தான் சொல்றேன். ஸ்கூலுக்குள்ள அவளும் உங்களை ஆயாம்மான்னே கூப்பிடட்டும்."

"சரிங்க மேடம்"னேன். வேற என்ன சொல்ல?

இந்தக் கருமத்துக்கு கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டிருக்கலாமேன்னு கேக்கிறவங்க இருக்காங்க. எங்க லைன் வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு, காலையில டிபனும் போடுறாங்க, எனக்குத் தெரியாதா? அப்படிக் கேக்கிறவங்களை, "உங்க புள்ளை எங்கங்க படிக்குது"ன்னு திருப்பிக் கேட்டுப் பாருங்க. பேச்சு அப்படியே மழைக்கும் வெயிலுக்கும் போயிடும். நான் உத்தனப்பள்ளிப் பக்கம் பொறந்தவ. கல்யாணத்துக்கு முந்தி ரோஜா ஷெட்டுல பூ வெட்டினேன், அப்புறம் ஒரு கம்பெனியில பேக்கிங். ரெண்டு எடத்துலயும் நாள் பூரா நின்னேன். கண்ணாடி ரூமுக்குள்ள என் வயசுப் பொண்ணுங்க உக்காந்து இங்கிலீஷ்ல போன் பேசும். அவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு நின்ன கால்ல யோசிச்சுப் பாத்திருக்கேன். எம்பொண்ணு உக்காந்து வேலை பாக்கணும். எனக்கு வேற ஆசையே கெடையாது. அதுக்காக அவ என்னை ஆயாம்மான்னு கூப்பிடணும்னா கூப்பிடட்டும், நான் என்ன தேஞ்சா போயிடுவேன்னு நெனச்சேன்.

எல்.கே.ஜி. போறதுக்கு முந்தி வெளையாட்டு மாதிரி சொல்லிக் குடுத்தேன். சோறு ஊட்டிக்கிட்டே கேப்பேன்.

"வீட்டுல நான் யாரு?"

"அம்மா."

"ஸ்கூல்ல?"

"ஆயாம்மா."

சரியாச் சொன்னா அப்பளம். தப்பாச் சொன்னா மறுபடியும் முதல்லேருந்து. ஒருநாள் எங்க வீட்டுக்காரர் ஷிப்ட் முடிச்சு வந்து வாசல்ல ஷூவைக் கழட்டிக்கிட்டே இதைக் கேட்டாரு. "புள்ளைக்கு என்னாத்தைடி சொல்லிக் குடுக்கிற, வெளங்குமா இது?"ன்னாரு. "நீங்க ஃபீஸைக் கட்டுங்க, நான் நிறுத்திக்கிறேன்"னேன். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை. பாவம், அவரு என்ன பண்ணுவாரு. கார் பார்ட்ஸ் செய்யுற கம்பெனியில காலம்பூரா கான்ட்ராக்ட்.

எல்.கே.ஜி. முத நாள் ரெண்டு இடுப்புலயும் ரெண்டு புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு நான் ஓடுறேன், எம்பொண்ணு தனியா லைன்ல நிக்கிறா. என்னைப் பாத்து ஒரே ஒரு தடவை உதடு கோணிக்கிட்டு வந்துச்சு. நான் கண்ணைக் காட்டினேன். அடக்கிக்கிட்டா. மத்தியானம் மேடமே வந்து, "உங்க பாப்பா ரொம்ப ஸ்மார்ட்டும்மா"ன்னாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லுவானேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், ஒரு தடவைகூட வாய் தவறலை. யு.கே.ஜி.யில சறுக்குமரத்துலேருந்து விழுந்து முட்டியில ரத்தம் வந்துச்சு. வலியில மூச்சு முட்ட அழுதா. அப்பவும் "ஆயாம்மா, ஆயாம்மா"ன்னுதான் அழுதா. நான் தூக்கிட்டுப் போயி கழுவி மருந்து போட்டேன். கதவைச் சாத்திட்டு, "இங்க யாரும் இல்லடா, அம்மான்னு கூப்பிடு"ன்னேன். கதவைப் பாத்தா, என்னைப் பாத்தா, வேணாம்னு தலையை ஆட்டிட்டா. கெட்டிக்காரி.

இந்த ஜூன்ல அவ ஒண்ணாவது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. எல்லாம் வெளையாட்டு, ஒண்ணாவதுதான் படிப்புங்கிறது எங்க மேடத்தோட எண்ணம். அதனால ஒண்ணாவதுக்கு மட்டும் முத நாள் ஒரு விழா உண்டு. வாசல்ல பலூன் வளைவு, போட்டோ எடுத்துக்க அட்டையில வெட்டின ஃப்ரேம். அப்புறம் கிளாஸ்ல ஒவ்வொரு புள்ளை பக்கத்துலயும் அம்மாவுக்கு ஒரு சேர் போடுவோம். ஆளுக்கு ஒரு சார்ட் குடுப்பாங்க. அம்மா கையைப் பெயிண்ட்ல தோச்சு அதுல பதிக்கணும். அந்தப் பெரிய கைக்குள்ளயே வேற கலர்ல புள்ளை கை. அதைச் செவுத்துல ஒட்டி வெப்பாங்க, வருஷம் பூரா இருக்கும். பெயிண்ட்டைத் தட்டுல கரைச்சு வெக்கிறதும், பதிச்சு முடிச்ச அம்மாங்களுக்கு பேசின்ல தண்ணி கொண்டு போயி, கை கழுவ விட்டு, துண்டு நீட்டுறதும் என் வேலை. வருஷா வருஷம் செய்யுறதுதான்.

முந்தின வாரமே மேடம், "பாப்பாவுக்கு அப்பா வந்துடட்டும்மா"ன்னு சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சூப்பர்வைசர்கிட்ட போயி லீவு கேட்டாரு. அந்த மனுஷன், "உன் சம்சாரம் அந்த ஸ்கூல்லயேதானே வேலை பாக்குது, நீ எதுக்குப்பா?"ன்னு கேட்டிருக்காரு. நியாயமான கேள்விதானே. இவரு என்ன சொல்லுவாரு? லீவு இல்லாம திரும்பி வந்துட்டாரு.

அன்னிக்குக் காலையில எல்லா அம்மாவும் விசேஷத்துக்கு வர்ற மாதிரி வந்தாங்க. பூ, புதுச் சேலை, கம்முன்னு சென்ட்டு. கிருஷ்ணகிரியில மாம்பழக்கூழ் கம்பெனி வெச்சிருக்கிற ஒரு பேரன்ட் மேடத்துக்கு ஒரு பெட்டி பழம் எறக்கினாரு. மேடம் வாசல்ல அவரோட பேசிக்கிட்டு நின்னுட்டாங்க. நான் சேலைக்கு மேல ஆயா கோட்டைப் போட்டுக்கிட்டு, கையில பேசினோட கிளாஸுக்குள்ள போனேன்.

எம்பொண்ணு ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தா. பக்கத்துல காலி சேர். மத்த புள்ளைங்க எல்லாம் அம்மா மடியில சாயுது, எழுந்து குதிக்குது. இவ கையைக் கட்டிக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு இருக்கா.

ஒண்ணாவது மிஸ் புதுசு. கல்யாணமாகி மதுரைப் பக்கத்துலேருந்து வந்தவங்க, நல்ல சுபாவம். எங்க கதையை அவங்ககிட்ட யாரும் சொல்லி வெக்கலை.

"ஏன்டா தங்கம், அம்மா வரலையா?"

"எங்கம்மாவுக்கு டியூட்டி மிஸ்."

அந்த பதிலை நான் சொல்லிக் குடுக்கலை. பொய்யின்னும் சொல்ல முடியாது.

மிஸ் சுத்திமுத்திப் பாத்தாங்க. என்னைப் பாத்துட்டு மொகம் மலர்ந்துடுச்சு. "ஆயாம்மா, இந்தப் பிள்ளை பக்கத்துல நீங்க செத்த உக்காருங்களேன். அம்மா மாதிரி. சார்ட் காலியா இருந்தா பிள்ளை ஏங்கிப் போயிரும்ல."

சாமி சத்தியமா சொல்றேன், என் கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரலை. மேடம் போட்ட கண்டிஷன் கண்டிஷனாவே இருக்கு, யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனா அத்தனை பேரு முன்னாடி நான் எம்புள்ளை பக்கத்துல உக்காரலாம். கடவுளாப் பாத்து அந்த மிஸ் வாயில பூந்து பேசுறாருன்னு நெனச்சேன். பேசினைக் கீழ வெச்சேன். கோட்டு பட்டனைக் கழட்டி விட்டேன், உள்ள கட்டியிருந்த சேலை தெரியட்டும்னு. அது நல்ல சேலைதான். யாரும் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சேதான் காலையில கட்டியிருந்தேன். சேர்ல உக்காந்து, மஞ்சப் பெயிண்ட்ல கையை வெச்சேன்.

எம்பொண்ணு சார்ட்டை வெடுக்குன்னு தன் பக்கம் இழுத்துக்கிட்டா.

"வேணாம் மிஸ். அவங்க ஆயாம்மா."

மிஸ் சிரிச்சாங்க. "அதனால என்னடா? ஆயாம்மாவும் அம்மாதான."

"வேணாம் மிஸ். அது பாத்ரூம் கழுவுற கை."

பின்னால யாரோ சிரிப்பை அடக்குறாங்க. முன் வரிசையில ஒரு அம்மா திரும்பி, "அப்படிச் சொல்லக் கூடாது பாப்பா, தப்பு"ன்னு எம்பொண்ணுக்கு புத்தி சொன்னாங்க. அதுக்குப் பக்கத்துல இன்னொருத்தி, என் காதுல விழுற மாதிரியே, "புள்ளையை என்ன லட்சணத்துல வளத்திருக்கா பாரு, அவ அம்மாக்காரி"ன்னா. எனக்காகத்தான் பரிஞ்சு பேசினா, மகராசி.

நான் எழுந்துட்டேன். மஞ்சக் கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால கோட்டு பட்டனைத் திரும்பப் போட்டேன். மிஸ்ஸுக்கு மொகமே செத்துப் போச்சு. "மனசுல வெச்சுக்காதீங்க ஆயாம்மா"ன்னாங்க. "பரவால்லைங்க மிஸ், கொழந்தைதானே"ன்னேன். அப்புறம் மிஸ்ஸே அந்தச் சேர்ல உக்காந்து தன் கையைப் பதிச்சாங்க. அதுக்குள்ள எம்பொண்ணு தன் கையை வெச்சா. நான் பேசினைப் பிடிச்சேன், மிஸ் கை கழுவினாங்க, துண்டை நீட்டினேன். என் கையை அப்புறமா பாத்ரூம்ல போயி கழுவிக்கிட்டேன்.

அன்னிக்குப் பூரா மனசுக்குள்ள ஒரே வாதம். புள்ளை மேல தப்பே இல்லை, கண்டிஷனைக் காப்பாத்தியிருக்கா. நான்தான் ஆசையில புத்தி கெட்டுப் போயி உக்காந்துட்டேன், அவ உஷாரா தடுத்துட்டா. இல்லைன்னா ஒரு வார்த்தையில சீட்டே போயிருக்கும். இப்படியே சொல்லிச் சொல்லி சாயங்காலத்துக்குள்ள என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். அவளைப் பாராட்டணும்னுகூடத் தோணிடுச்சு. பஸ் ஸ்டாப்ல மொளகாத்தூள் போட்ட மாங்காய்க் கீத்து வாங்கிக் குடுத்தேன்.

"மிஸ்கிட்ட அப்படிச் சொன்னியே, நான் மறந்து போயி அம்மா மாதிரி உக்காந்துட்டேன்னு பயந்துதானே சொன்னே?"

காரத்துக்கு உஸ்ஸுன்னுக்கிட்டே, "இல்லம்மா"ன்னா.

"பின்ன?"

"எல்லாரோட அம்மாவும் சூப்பரா டிரஸ் பண்ணிட்டு வந்தாங்க. நீ அந்தக் கோட்டோட வந்து உக்காந்துட்டே. அந்தக் கை வருஷம் பூரா செவுத்துல இருக்கும்லம்மா. எல்லாரும் கேப்பாங்கல்ல."

அடிக்கக் கை துறுதுறுன்னு வந்துச்சு. அடிச்சு என்னன்னு கேக்கிறது? பாதி நான் சொல்லிக் குடுத்தது. மீதிப் பாதியை அவளே படிச்சுக்கிட்டா. எனக்கு மேடம் மேல கோவம், அந்த சூப்பர்வைசர் மேல கோவம், கொஞ்சம் மதுரை மிஸ் மேலயும் கோவம். அவங்களை யாரு அன்னிக்கு நல்லவங்களா இருக்கச் சொன்னது? எல்லாத்துக்கும் மேல, அந்த நல்ல சேலையைக் கட்டிக்கிட்டுப் போன என்னை நெனச்சாதான் அசிங்கமா இருந்துச்சு.

அவ விரலைச் சப்பிட்டு, யோசிச்சு, "இனிமே ஸ்கூல் விழாவுக்கு அப்பா வரட்டும்மா"ன்னா. "கம்பெனி கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வரட்டும். மத்த அப்பாங்க மாதிரி."

"சரி, வரச் சொல்றேன்"னேன்.

அவங்கப்பா கார்டு ஆரஞ்சுக் கயித்துல தொங்கும். அந்தக் கம்பெனியில பர்மனென்ட் ஆளுங்களுக்கு நீலக் கயிறு, கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஆரஞ்சு. கேன்டீன்ல உக்கார்ற எடம்கூட வேற வேற. அந்த ஸ்கூலுக்கு வர்ற அப்பாங்கள்ல பாதிப் பேரு கம்பெனி ஆளுங்க, கேட்ல நிக்கிறப்பவே கயித்தைப் பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. எம்பொண்ணுக்கு அந்த ஆரஞ்சுக் கலர்னா உசுரு. ஞாயித்துக்கிழமை ஆனா ஆணியிலேருந்து எடுத்துத் தன் கழுத்துல மாட்டிக்கிட்டு வீடு பூரா சுத்துவா.