பாட்டை எழுதியவரே பாடியபோது

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் நான் சமைக்கும் ஓட்டலில், மதிய வேலை முடிந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் பியானோ வாசித்தபடி கரகரத்த குரலில் பாடினார்.

“அண்ணே, பாட்டை எழுதுனவரே பாடுறாராம். அப்பல்லாம் லைவ்தானாம், திருப்பி எடுக்க முடியாது. ஐயோ, வரிய மறந்துட்டாரு!” என்றான் பரிமாறும் செல்வம்.

பெரியவர் சிரித்துக்கொண்டே வேறொரு வரியைப் போட்டுப் பாடி முடித்தார்.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. மதுரையில் மில் தொழிலாளிகள் போடும் நாடகத்துக்கு அவர்தான் பாட்டு எழுதுவார். பெயரெல்லாம் பாடுகிறவருக்குத்தான். ஒரு வருடம் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அப்பாவே மேடையேறினார். பஞ்சுத் தூசி அடைத்த குரல். பாதியில், எழுதும்போது அடித்துவிட்ட பழைய வரியைப் பாடிவிட்டார். ஆர்மோனியம் நின்றது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சிறுவன் எனக்கு அழுகை வந்தது.

“பாட்டு மாறிப்போச்சுப்பா!” என்று ஒத்திகை பார்த்திருந்த ஒருவர் கத்தினார்.

“என் பாட்டுதானய்யா, நான் மாத்திக்கிறேன்!” என்றார் அப்பா. கொட்டகையே கைதட்டியது. பாட்டு யாருடையது என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

செல்வத்திடம் இதைச் சொன்னேன். நான் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

“அவரு பேரு என்னண்ணே?”

சமையலறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.