தெரேஸ் அக்காவுக்கு நான் வைத்த பேர்

நோணாங்குப்பம் படகுத்துறையில் கேமராவோடு நின்றிருந்தேன். கல்யாணம் ஆகப்போகும் ஒரு ஜோடியைப் படகில் உட்கார வைத்து, "தம்பி, பொண்ணு கடிக்காது, கொஞ்சம் கிட்ட போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரேஸ் அக்காவின் தங்கை செலின்.

"கலியண்ணே, அக்கா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க, என் டிஸ்க்க முடிச்சுக் குடுக்காம?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயசு. அதெல்லாம் ஒரு வயசா?

பெரிய மார்க்கெட்டுப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அக்காவின் டிஸ்க் ரிப்பேர்க் கடைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் நம் வீடியோக்காரர்களின் வாட்ஸ்அப் குழு நிறைந்துவிட்டது. பூ, மெழுகுவர்த்தி, கைகூப்பு. நடுவே ஒருத்தர், "நம்ம டிஸ்க்தின்னி அக்காவுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று போட்டிருந்தார். பின்னாலேயே நாலு பேர் அதே பேரில். எல்லாம் பிரியத்தில் போட்டதுதான். ஆனால் அந்தப் பேரை வைத்தவன் நான். அது எப்படி வந்தது என்ற கதை என்னையும் அக்காவையும் தவிர யாருக்கும் தெரியாது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பேசித்தான் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. பேசின ஒரு பேச்சைத் திரும்ப வாங்கத்தான் இப்போது நம் குழுவுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவிடம் நான் முதலில் போனது ஒரு செத்த டிஸ்க்கோடு. செத்தது என்று நான்தான் முடிவு கட்டியிருந்தேன். நம் தொழிலில் கேமராவைப் பார்த்துத்தான் எல்லாரும் வாய் பிளப்பார்கள். ஆனால் ஒரு கல்யாணம் கடைசியில் தங்குவது அரைச் செங்கல் அளவு டிஸ்க்கில். அந்த டிஸ்க்கை அடாப்டரில் செருகி, அடாப்டர் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பது தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. மூன்று கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன். மூன்றும் கண்டுகொள்ளவில்லை.

அக்கா டிஸ்க்கின் முதுகில் இரண்டு விரலை வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு என் கையில் இருந்த கரண்ட் அடாப்டரைப் பார்த்தார்.

"இது எங்க புடிச்ச?"

"வீட்டு வைஃபை பெட்டியோடதுக்கா. முனை சரியாப் பொருந்திச்சு."

"செருப்பு காலுக்குப் பொருந்திச்சுன்னா மாதா கோயில் வாசல்ல எவனோடதையும் மாட்டிக்கினு போயிடுவியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா தன்னிடம் இருந்த பெரிய கரண்ட் அடாப்டரை மாட்டினார். டிஸ்க் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. "சாவல மிசே, பட்டினி. வைஃபை பெட்டிக்குப் போடற சோறு இதுக்கு எப்படிப் பத்தும்? டிஸ்க்கு முழிச்சு உக்காரட்டும், அப்புறம் வயர மாட்டு" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு மிசே, அவர் எனக்கு மதாம். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனை காலமானாலும், அவன் விட்டுப்போன ஐயா, அம்மா மரியாதையை விடக்கூடாதல்லவா?

அக்கா கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவரில்லை. மில் மூடினபோது வேலை போன அப்பாவுக்கு மூத்த பெண். ஒரு ரேடியோ கடையில் சால்டரிங் செய்யப் போனவர், டிவி, கம்ப்யூட்டர் என்று ஏறி வந்து டிஸ்க்கில் நின்றார். ஊரில் எத்தனை போர்டு மாட்டின கடை இருந்தாலும், போர்டு மாட்டினவனே கடைசியில் அக்காவிடம்தான் டிஸ்க்கைக் கொண்டுவருவான். பின்பக்கமாக வருவான். "முன்னாடியே வாய்யா, இங்க என்னா சாராயமா விக்கறேன்?" என்பார்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

பிள்ளைச்சாவடியில் முருகையன் என்ற மீன்பிடிக்கிறவரின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் படகைக் கரையேற்றும்போது சறுக்கி அவர் கால் முறிந்துவிட்டது. கோரிமேட்டில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நாள் குறித்தது குறித்ததுதான், கல்யாணத்தை நிறுத்தாதே என்று அவரே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பி, கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணு கழுத்துல தாலி ஏறறத நீதாம்ப்பா எனக்குக் காட்டணும். நான் எங்க நின்னு பாப்பனோ அங்க நின்னு எடு."

அங்கேயே நின்று எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றினேன். அடுத்த விசேஷம் காத்திருந்ததால் கேமராக் கார்டுகளை அழித்துவிட்டேன். நாம் எல்லாரும் செய்கிற தப்பு, நீங்களும் தலையைக் குனியலாம். இரண்டு நாள் கழித்து ஒரு வளைகாப்பு வேலை. அக்காவிடம் வாங்கின அடாப்டரில் வளைகாப்பு டிஸ்க் இருந்தது. அதை உருவிவிட்டு முருகையன் டிஸ்க்கைச் செருகினேன். அடாப்டர் வயரின் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலிருந்து கழட்டவே இல்லை. திரையில் வளைகாப்பு டிஸ்க்கின் பேரே நின்றது. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, பேர் பிறகு மாறும் என்று நினைத்து, வேறு எதையோ அதில் காப்பி போட்டேன். முடிந்து திறந்தால் தாலி கட்டு இல்லை. கல்யாணமே இல்லை.

முருகையன் அன்றைக்கென்று கட்டுப்போட்ட காலோடு ஆட்டோவில் வந்துவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் அவரையும் கூட்டிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்து ஒரு வார்த்தையைத் தயார் செய்திருந்தேன். உள்ளே நுழையும்போதே சொன்னேன்: "மதாம், நீங்க வித்த அடாப்டரு டிஸ்க்க தின்னுடுச்சு."

அக்கா டிஸ்க்கைத் தன் கருவியில் மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாத்தும்போது அந்தப் பக்கத்து வயரக் கழட்டிட்டுத்தான மாத்துன?"

"ஆமாக்கா."

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். முருகையன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா டிஸ்க்கைக் கருவியிலிருந்து கழட்டினார். பிறகு அவரிடம், "எங்க அடாப்டர்ல ஒரு குறை இருக்குதுங்க. படம் உள்ளதான் கெடக்குது, மேல, எது எங்க இருக்குதுன்ற பட்டியல்தான் அழிஞ்சிருக்குது. நான் எடுத்துத் தரேன்" என்றார்.

எட்டு நாள். வேறு வேலை தொடவில்லை. அந்த எட்டு நாளில் நான் சும்மா இருந்தேனா? இருக்கமாட்டேனே. டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "டிஸ்க்தின்னி அக்கா துப்புனாத்தான் உண்டு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

ஒன்பதாம் நாள் முருகையனை அக்காவே கூப்பிட்டனுப்பி நாற்காலி போட்டு உட்கார வைத்தார். திரையில் தாலி ஏறியது. மனுஷன் அசையவில்லை. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். மூன்று முறை பார்த்தார். அக்கா மெதுவாக, "பந்தியில சாப்பிட்டது மட்டும் வரலீங்க, எவ்வளவோ பாத்துட்டேன்" என்றார். முருகையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போனா போவட்டும்மா. அவனுங்க பிரியாணி தின்னத, கோரிமேட்டுல கஞ்சி குடிச்ச நான் எதுக்குப் பாக்கணும்?" என்றார்.

அத்தோடு அக்கா விடவில்லை. தான் விற்ற அந்த ரக அடாப்டரை எல்லாம் நம் கடை கடையாக வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார், நினைவிருக்கிறதா? பலர் திட்டினீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். சில அடாப்டர், டிஸ்க் மாறின உடனே கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிவிடும். இந்த ரகம் சொல்லாது. வாசலில் ஆள் மாறியிருக்கும், உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குப் பழைய ஆளே நிற்கிற நினைப்பு. அந்த நினைப்பில் பழைய பட்டியலைப் புது டிஸ்க்கின் தலையில் எழுதிவிடும். கம்ப்யூட்டர் பக்கத்து வயரைக் கழட்டி மாட்டினால் மட்டும்தான் புது ஆளை விசாரிக்கும். "வெல கம்மின்னு வாங்கி வித்தேன். இதையும் சோதிச்சுட்டு வித்திருக்கணும், அது என் தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு ஒவ்வொரு அடாப்டரின் டிஸ்க் முனையிலும் ஒரு சின்னக் காகிதம் சுற்றி, மேலே டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். காகிதத்தில் அவர் கையெழுத்தில் மூன்று வார்த்தை: "மொதல்ல அந்தப் பக்கம்."

அன்றிலிருந்து நம் ஆட்களில் ஒருத்தருக்கும் இப்படி ஒரு கல்யாணம் போனதாக நான் கேள்விப்படவில்லை. பெரிய ஊர்க்காரர்கள் நம்மூருக்கு வேலைக்கு வந்தால், நாம் டிஸ்க் மாற்றுகிற ஒழுங்கைப் பார்த்து எங்கே கற்றீர்கள் என்று கேட்கிறார்கள். எனக்கு நெஞ்சு இரண்டு விரல் நிமிரும். சந்தில் ஒரு அக்கா என்பேன்.

கொஞ்ச மாதம் கழித்து, கடையில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"முருகையன் டிஸ்க்கு மேல வளைகாப்புப் பட்டியல் உக்காந்துகினு இருந்துச்சு மிசே. வயரக் கழட்டியிருந்தா அது எப்படி அங்க போவும்?"

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

அக்கா சால்டரிங் கம்பியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப தை மாசம் வர்ற நேரம். கல்யாணத்த அழிச்சவன்னு பேரு வந்தா உன்ன எவன் கூப்பிடுவான்? என்னைப் பத்தி என்னா வேணா சொல்லட்டும். திட்டிக்கினே வந்தாலும் என்கிட்டத்தான் வந்தாவணும். இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

இதைக் கர்வம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தன் கை மேல் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தால்தான் அடுத்தவன் பழியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க முடியும். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை காலம் பேசாமல் இருந்துவிட்டேன். பேர் மட்டும் ஊரில் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவும் அதற்குச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். முருகையன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை.

"தெரியுமே."

"அக்கா சொன்னாங்களா?"

"அந்தம்மா எங்க சொல்லுச்சு? அன்னிக்கு அது குறை என்னுதுன்னு சொன்னப்ப, நீ ஒண்ணுமே பேசாம நின்ன. நீ வாய மூடி நான் பாத்தது அந்த ஒரு வாட்டிதான். அப்பவே புரிஞ்சுபோச்சு." பிறகு, "வந்து சொன்னியே, போ. மீனு எடுத்துக்கினு போ" என்றார்.

என்னிடம் அக்கா கட்டிக்கொடுத்த அடாப்டர் இருக்கிறது. டேப்புக்கு அடியில் மை கொஞ்சம் மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க வருகிறது. செலின் அதற்குப் பதில் புதுசு தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். டிஸ்க் மாற்றும்போதெல்லாம் அந்த மூன்று வார்த்தையை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையை வைக்கிறேன். பிறகு உள்ளே போய் ஒரு படத்தை ஓட்டிப் பார்க்கிறேன். திரையில் தெரிகிற பேரை நம்பாதே என்பதும் அவர் சொன்னதுதான்.

அதையேதான் உங்களிடமும் கேட்கிறேன். அக்கா மேல் ஒட்டியிருக்கிற அந்தப் பேரை நம்பாதீர்கள், எடுத்துவிடுங்கள். கூப்பிட்டுப் பழகிவிட்டது, விட முடியவில்லை என்றால் ஆள் நான் இருக்கிறேன். டிஸ்க்தின்னி கலியன் என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.