குடை இல்லாமல் வந்த ஓட்டுகள்

கையெழுத்து மோசமாக இருக்கும், மன்னிக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்து படித்தது பிற்பாடு. எல்லைப் போராட்டக் காலத்தில் பாறசாலைச் சந்தையில் கொடுத்த நோட்டீசுகளை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்துப் பழகினேன். அதனால் எந்த ‘ர’ எங்கே வரும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. தனுவச்சபுரத்தில் படிக்கிற என் மகள் கண்ணில் பட்ட பிழைகளைத் திருத்தித் தந்திருக்கிறாள். அதற்கும் தப்பியவை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதக் காரணம் இதுதான். எங்கள் ஊர்க் கவலையில், அதாவது முச்சந்தியில் உள்ள சாயாக்கடையில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. சார் முதல் தேர்தலில் டெல்லிக்குப் போகாமல் தோற்றது பாறைமேட்டில் கல் உடைக்கிற பெண்களால்தான், அந்தப் பெண்களுக்கு ஓட்டுப் போடத் தெரியாது என்று சொல்லிச் சிரிப்பார்கள். நான் அங்கே இருந்தாலும் இதுவரை வாய் திறந்தது இல்லை. நாலு பேர் கூடிய இடத்தில் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஆனால் அன்றைக்கு நடந்ததை முழுக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான். சாருடைய வண்டிக்காரன் நான்.

சார் என்றால் ஆண் இல்லை. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண்ணையும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வேலையை விட்டுவிட்டு முதலில் பஞ்சாயத்துக்கு நின்றார், ஜெயித்தார். இரண்டு ஓடைகளுக்குப் பாலம் போடவைத்தார். அந்தப் பாலத்தில்தான் என் மரச்சீனிக் கிழங்கு வண்டி முதன்முதலாக மழைக்காலத்தில் சந்தைக்குப் போனது. அதன் பிறகு டெல்லிப் பார்லிமென்டுக்கு நிற்கிறேன் என்றார். கட்சி கிடையாது, கார் கிடையாது. நெய்யாற்றின்கரை முதல் இப்போது எல்லை விழுந்திருக்கிற இடம் வரை உள்ள குடியிருப்புகளுக்குக் கார் போகவும் போகாது. ஒரு நாள் காலையில் என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

“மக்கா, உன்னோட வண்டி வேணும். கூட நீயும் வேணும்.”

“வண்டி வரும், சாரே. நான் பேச்சுக் கீச்சுக்கு வரமாட்டேன்.”

“பேசுறதுக்கு நான் உண்டு. நீ மாட்டைப் பாத்துக்க.”

ஆனால் மாட்டைப் பார்ப்பதோடு முடியவில்லை. அவர் மேடை போட மாட்டார். போகிற இடத்தில் மாடுகளை அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு, வண்டியின் மேல் ஏறி நின்று பேசுவார். முன்னால் முட்டுக்கட்டை கொடுத்திருந்தாலும், அவர் கையை வீசிப் பேசும்போது வண்டி பின்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் நான் நுகத்தடியைத் தோளால் அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஆயிரம் கண் என்னைப் பார்ப்பது மாதிரி இருக்கும். நான் என் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்படி நின்றுதான் அவருடைய எல்லாப் பேச்சையும் கேட்டேன்.

அவர் முதலில் தமிழில் பேசுவார், பிறகு அதையே மலையாளத்தில் பேசுவார். எங்கள் ஆட்களுக்கு இரண்டும் தெரியும். மற்ற இடங்களில் என்றால் ஒன்றைக் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். எங்கள் ஊரில் இரண்டையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்பார்கள். ரசித்துக் கேட்பது இல்லை, ஒத்துப் பார்ப்பது. தமிழில் கொடுத்த வாக்கு மலையாளத்தில் வரும்போது காணாமல் போகிறதா என்று பார்ப்பார்கள். எத்தனையோ தலைவர்கள் அப்படி எங்களிடம் மாட்டிக்கொண்டது உண்டு. அவர்கள் போன பிறகு ஒரு வாரம் ஊரே பேசிச் சிரிக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாக் கூட்டத்திலும் ஒரே கேள்விதான். இந்த ஊர்கள் தமிழ்ப் பக்கம் சேர வேண்டுமா, மலையாளப் பக்கம் நிற்க வேண்டுமா. பாறசாலைச் சந்தையில் ஒரு இளைஞன் எழுந்தான்.

“சாரே, ஒரு சங்கதி மட்டும் சொல்லிட்டுப் போங்க. பாறசாலை தமிழுக்கா, மலையாளத்துக்கா?”

“நீ வீட்டுல என்ன பேசுவே?”

“தமிழு.”

“கடையில?”

“ரெண்டும்.”

“மாமியாரு வீட்டுல?”

“அங்க எனக்குப் பேச இடமே தரமாட்டாவ, சாரே!”

சந்தை முழுக்கச் சிரித்தது. என் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. சார் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

“கோடு எங்க போடணும்னு நான் ஒருத்தி முடிவு பண்ண மாட்டேன். ஆனா கோடு போடுறதுக்கு முன்ன இங்க உள்ளவங்கள்ட்ட கேக்கணும்னு டெல்லியில எழுந்து நின்னு சொல்லுவேன். கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வேணும்னும் சொல்லுவேன்.”

பிறகு மலையாளத்தில் சொன்னார். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. வெற்றிலைக்கடைப் பெரியவர் பக்கத்து ஆளை இடித்தார். “பள்ளிக்கூடத்தையும் விடல்ல, கேட்டியா? ஒண்ணும் கொறையல்ல.” இளைஞன் உட்கார்ந்துவிட்டான். அவன் திருப்தியாக உட்கார்ந்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உட்கார்ந்தான். எனக்கு அன்றைக்கே ஜெயித்துவிடுவார் என்று தோன்றியது.

சாருடைய சின்னம் குடை. இருந்த சின்னங்களில் அவரே கேட்டு வாங்கியது. எங்கள் அம்மாக்கள் காலத்தில் பெரிய சாதி வீடுகளின் முன்னால் குடை பிடித்துக்கொண்டு போக முடியாது. வெயிலோ மழையோ மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து போக வேண்டும். சாருடைய அம்மாவும் அப்படி நடந்தவர்தான். “அந்தக் குடையை நான் டெல்லி வரைக்கும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போவேன்” என்று சொல்லும்போது பெண்கள் குரவையிடுவார்கள். பேச்சை முடிக்கும்போது எல்லா இடத்திலும் ஒரே வரிதான். “ஓட்டுப் போட வரும்போது குடையை மறந்திடக்கூடாது.” இரண்டு மொழியிலும் சொல்லுவார்.

ஓட்டு நாள் வந்தது. அந்தத் தேர்தலில் நிற்கிற ஆளுக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். தாளை வாங்கிக்கொண்டு மறைவுக்குள் போய், வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எங்களுக்குப் பெரிய எதிராளி ஏணிச் சின்னக்காரர். ஆண்களின் ஓட்டு இரண்டாகப் பிரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பக்கத்து ஆண்களும் மலையாளப் பக்கத்து ஆண்களும் சார் தங்களுக்காகப் பேசவில்லை என்ற வருத்தத்தில் இருந்தார்கள். பெண்கள் வந்தால் சார் ஜெயிப்பார், வராவிட்டால் தோற்பார். அதிலும் பாறைமேட்டுப் பெண்களை நம்பித்தான் எங்கள் ஓட்டுச்சாவடியே இருந்தது.

நானும் சாரும் சாவடி சாவடியாகப் போய்விட்டு உச்சி வெயிலில் எங்கள் சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். ஆண்களின் வரிசை நீளமாக இருந்தது. பெண்கள் வரிசையில் ஆளே இல்லை. பாறைமேட்டுப் பெண்கள் மூன்று பேர் மட்டும் சுவரோரம் குந்தியிருந்தார்கள்.

“ஓட்டுப் போட்டாச்சா?” என்றார் சார்.

“போட்டாச்சு, சாரே. காலையிலேயே போட்டாச்சு.”

“பின்ன என்னத்துக்கு இங்க இரிக்கிறிய?”

“குடையைத் தரமாட்டேங்கியாவ.”

ஏணிக்காரர்களின் ஏஜென்டு, சின்னத்தைச் சாவடிக்குள் கொண்டுவருகிறார்கள் என்று சண்டை பிடித்திருக்கிறார். அதிகாரி மூன்று குடைகளையும் வாங்கி ஒரு அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். சாயங்காலம்தான் தருவாராம்.

“சாயங்காலம் வாங்கிக்கலாம்லா. வீட்டுக்குப் போங்க.”

“எப்பிடிப் போறது, சாரே? மொத்தத்துக்கும் இந்த மூணு குடைதான் உண்டு. இது போனாத்தானே அடுத்த மூணு பேரு வர முடியும்?”

சார் வண்டியில் ஏறி, “பாறைமேட்டுக்கு விடு” என்றார்.

அங்கே பெண்கள் எல்லோரும் குளித்து, வெளுத்த துணி உடுத்து, வீட்டு வாசல்களில் தயாராக இருந்தார்கள். குடை வரட்டும் என்று இருந்தார்கள். ஓட்டுப் போடத் தெரியாத பெண்கள் என்று இவர்களைத்தான் சாயாக்கடையில் சொல்கிறார்கள்.

சார் வண்டியைவிட்டு இறங்காமலே கேட்டார். “குடை இல்லாம ஓட்டுப் போட முடியாதுன்னு யாரு சொன்னது?”

“நீங்கதான், சாரே” என்றார் முதல் வீட்டுக்காரி. கல் உடைக்கிற கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “மறந்திடக்கூடாதுன்னு எத்தன மட்டம் சொன்னிய! குடைப் பெட்டியில போடணும்னா கையில குடை வேண்டாமா?”

“அப்போ ஏணிக்கு ஓட்டுப் போடுறவன் ஏணியைச் சுமந்துகிட்டா வாறான்?”

“அவங்களுக்குச் சுமக்க ஆம்பிளைகள் உண்டு. எங்க வீட்டுல உள்ளது காலையிலேயே சாயாக்கடைக்குப் போயாச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்துவிட்டார். “எனக்க தப்பாக்கும். குடை வேண்டாம், ஆளு வந்தாப் போதும்” என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. பின்னால் நின்ற ஒரு கிழவி, “மலையாளத்திலேயும் அதேதானா?” என்று கேட்டார்.

சார் மலையாளத்தில் சொன்னார். கிழவி தலையை ஆட்டினார். உடனே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்று சட்டம், அதனால் நடந்தார்கள்.

பாறைமேட்டுக்கு அப்பால் இன்னும் குடியிருப்புகள் இருந்தன. அங்கேயும் இதே கதையாகத்தான் இருக்கும். சார் கீழே இறங்கினார்.

“நான் கெழக்க நடந்துக்கிறேன். நீ வண்டியோட மேக்க போ. எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லு.”

“எனக்குப் பேச வராது, சாரே.”

“பேச வேண்டாம். மாட்ட விரட்டும்போது ஒரு சத்தம் போடுவல்லா? அது போதும்.”

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். நான் முதல் குடியிருப்புக்குப் போனேன். வண்டியில் எழுந்து நின்றேன். இந்த முறை பிடித்துக்கொள்ள நுகத்தடி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தமிழிலும் மலையாளத்திலும் கத்தினேன்.

“குடை வேண்டாம்! ஆளு வந்தாப் போதும்! குட வேண்டா! ஆளு வந்நா மதி!”

கண்ணைத் திறந்தபோது வேலிக்கு மேல் முகங்கள் தெரிந்தன. “எட்டி, வந்து பாருட்டி, வண்டிக்காரனுக்கும் நாக்கு உண்டு!” என்று ஒருத்தி கூவினாள். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அடுத்த இடத்தில் இன்னும் உரக்கக் கத்தினேன். நாலாவது குடியிருப்பில் அந்த ஏணிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்தார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரும்பி வந்தபோது பெண்கள் வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. வெயிலில் ஒரு குடை கூட இல்லை. மணியடித்ததும் அதிகாரி கேட்டை மூடினார். உள்ளே நின்றவர்களை எல்லாம் போட விட்டார், அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து ஓடி வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவ்வளவு பேர் ஓட்டுக்காக அழுததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்தது இல்லை.

எங்கள் சாவடியில் குடைப் பெட்டிதான் நிறைந்தது. மொத்தத்தில் சார் கொஞ்சத்தில் தோற்றார். எண்ணி முடித்த மறுநாள் என் வண்டியிலேயே பாறைமேட்டுக்கு வந்து வண்டியில் ஏறி நின்றார். “தோத்தது நீங்க இல்ல. வாறது எப்பிடின்னு நான்தான் சரியாச் சொல்லல்ல. அடுத்த மட்டமும் நான்தான் நிப்பேன்” என்றார். அதையும் இரண்டு மொழியில் சொன்னார்.

பிறகு கோடு விழுந்தது. விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நாங்கள் மலையாளப் பக்கம் நின்றோம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. சார் இரண்டாவது முறையும் நின்று தோற்றார். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காகத் திருவனந்தபுரத்துக்கு நடந்து நடந்து, எங்கள் வார்டில் இரண்டு வகுப்பு வாங்கித் தந்தார். என் மகள் தமிழ் படித்தது அதில்தான்.

இன்று மூன்றாவது தேர்தல். இப்போது எல்லோருக்கும் ஒரே பெட்டி, தாளில் முத்திரை குத்த வேண்டும். பள்ளிக்கூடக் கேட் திறக்கும் முன்பே பாறைமேட்டுப் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். வீட்டில் உள்ள ஆண்களை அவர்கள்தான் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். மதியத்துக்குள் அவர்களில் போடாதவர் ஒருவர்கூட இல்லை. மூன்று வாரமாக ஊர் ஊராகப் போய் எப்படிப் போட வேண்டும் என்று வண்டியில் ஏறி நின்று சொன்னவன் நான். சார் கீழே நின்று நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் எண்ணவில்லை. சார் டெல்லிக்குப் போவார் என்று நான் நம்புகிறேன். நாளை சாயாக்கடையில் யாராவது அந்தப் பழைய பேச்சை எடுத்தால் இதை வாசித்துக் காட்டப் போகிறேன், நானே, என் வாயால்.

கொல்லம் 1137, மாசி 9.