ராத்திரி மொய்ங்கா

எங்கள் வீட்டில் மொய்ங்கா என்ற சொல் காதில் விழாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. மீனை வேகவைத்துக் கரைத்து, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்கவைத்த சாற்றை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தரும் பர்மாச் சாப்பாடு அது. ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்கு அந்த ஊரும் நினைவில்லை, ருசியும் நினைவில்லை. அப்பா இரண்டையும் மறக்கவில்லை. போர்ட் பிளேரில் மரம் அறுக்கும் மில்லில் வேலை முடிந்து வந்து, அம்மா வைத்த மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மொய்ங்கா மாதிரி வருமா?" என்பார். அம்மா தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போவாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாம் வகுப்பு வந்ததிலிருந்தே வீட்டில் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரியில், தபால் ஆபீஸில், கப்பல் டிக்கெட் வாங்கும் இடத்தில் எல்லாம் நான் முன்னால் நிற்பேன், அப்பா எனக்குப் பின்னால் நிற்பார். "பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்." எனக்கு அது பிடித்திருந்தது. தலையை நிமிர்த்தித்தான் நடப்பேன்.

நிக்கோபார் கோடியில் இருக்கும் கேம்பல் பே பள்ளியில் எனக்கு டீச்சர் வேலைக்கு உத்தரவு வந்தது. அதே சமயத்தில் அபர்தீன் பஜாருக்குப் பின்னால், எங்களைப் போலவே பர்மாவிலிருந்து வந்த ஒரு தமிழர் மொய்ங்கா கடை போட்டிருப்பதாகத் தெரிந்தது. கப்பலேறும் முன் அப்பாவுக்கு அதை நான் வாங்கித் தர வேண்டும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் "இதுதான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்காமல் ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

"சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் போறோம்" என்றேன்.

"ராத்திரியா?" என்றாள் அம்மா.

"ஹோட்டலுக்கு ராத்திரிதாம்மா போவாங்க." என்னோடு படித்த ஆபீசர் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "சரி பாப்பா."

எங்கள் பேட்டையான பத்துபஸ்தியிலிருந்து பஸ் ஏறினோம். அப்பா தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். தங்கச்சி மதியமே பாதி வயிறுதான் சாப்பிட்டிருந்தாள், என் உத்தரவு. கடையில் ஒரு பெங்காலிக்காரர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அண்டாவைக் கழுவ எடுத்துவிட்டார்.

"மொய்ங்காவா? இப்பவா?" என்று எங்களை ஒரு தரம் பார்த்தார். அப்பா ரங்கூனில் இருந்தவர் என்று நான் பெருமையாகச் சொன்னேன். பிறகு அடியில் இருந்ததைச் சுரண்டி, வெந்நீர் விட்டுக் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

நூடுல்ஸ் ஊதிப்போய்க் கிடந்தது. மேலே போட்டிருந்த பருப்பு வடை ஈரத்துணி மாதிரி இருந்தது. சாற்றில் சூடு இல்லை.

"அக்கா, இது கஞ்சியா?" என்றாள் தங்கச்சி.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, நிறுத்தாமல், மருந்து சாப்பிடுவது போலச் சாப்பிட்டார்.

"எப்படிப்பா?"

"நல்லா இருக்கு பாப்பா."

ரேஷன் அரிசியையும் 'நல்லா இருக்கு' என்று சொல்லும் அதே குரல்.

கடைக்காரருக்கே பொறுக்கவில்லை. "அட, பொய் சொல்லாதீங்க அண்ணே. இது காலையில திங்கற சாமான். சுபே, விடியக்காலையில வந்தீங்கன்னா ஆவி பறக்கக் குடுப்பேன். பர்மாவுல இருந்தவருன்னு சொல்றீங்க, ராத்திரி எவனாச்சும் மொய்ங்கா தின்னு பாத்திருக்கீங்களா?"

"இல்ல" என்றார் அப்பா.

"தெரிஞ்சும் ஏம்பா சொல்லல?" என்றேன்.

"நீ ராத்திரின்னுட்ட. படிச்ச புள்ள, இந்த ஊர்ல அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"நான் வாயத் தொறந்தேன். டீச்சரம்மா அடக்கிட்டாங்க" என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

என் காது சூடாகிவிட்டது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது அப்பா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"காலையில வந்தாலும் இது சரிப்படாது அண்ணே. ஆத்துக் கெளுத்தி எங்க? கடல் மீனுல்ல போட்டிருக்கீங்க."

"இங்க கெளுத்திக்கு நான் எங்க போவேன்?"

"சரி, கடலைமாவ ஏன் இப்படிக் கொட்டி வெச்சிருக்கீங்க?"

"ரங்கூன்ல எப்படியோ, எங்க மோல்மேன் ஊர்ல இப்படித்தான்."

"மோல்மேனா! அதான பாத்தேன்!" அப்பா மேசையைத் தட்டினார்.

பெங்காலிக்காரர் திரும்பினார். "க்யா ஹுவா? ஜகடா?"

"ஜகடா நஹி தாதா, கானே கி பாத்" என்றார் கடைக்காரர். சண்டையில்லை, சாப்பாட்டு விஷயம் என்றார். ஆனால் அது சண்டைதான். அப்பா ரங்கூனில் விடியற்காலையில் காவடியில் பானை தூக்கிவரும் பர்மாக்காரியைச் சொன்னார், அவள் நிற்கும் தெருமுனையைச் சொன்னார். "அந்த முனையில்ல, அடுத்த முனை" என்று அம்மா திருத்தினாள். நடுநடுவே மூவரும் பர்மா பாஷைக்குத் தாவினார்கள். மில்லில் மேஸ்திரிக்கும் வீட்டில் எனக்கும் 'சரி' என்று மட்டுமே சொல்லிப் பழகிய அப்பா, முன்பின் தெரியாத ஒருவரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசினார். அந்த மேசையில் எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது தங்கச்சியும் நானும்தான்.

"பொரிச்ச பூண்டும் போடுவாங்களாப்பா?" என்று கேட்டேன். ஆண்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு பதில்.

பஸ் போய்விட்டது. பசியோடு நடந்தோம். இருட்டில் அப்பா முன்னால் போனார், இன்னும் மோல்மேன்காரர்களைத் திட்டிக்கொண்டு.

"ஒரு நாள் காலையில போவமாப்பா, நான் கெளம்பறதுக்குள்ள?"

"வேணாம்" என்றார். நின்று யோசிக்கக்கூட இல்லை. "அந்தாளு கையில வராது. ஒனக்குத் தெரியாது, சும்மா இரு."

இங்கே கேம்பல் பேயில் பிள்ளைகள் நான் சொல்வதற்கெல்லாம் "ஆமா டீச்சர்" என்கிறார்கள். அப்பா "இதுதான்" என்று சொல்லவே இல்லை. அந்த "வேணாம்" மட்டும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. எனக்கு அவர் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.