ராணிக்காக ஆயத்தம் செய்த அறை

என் தங்கை ராணியிடம் டொக்டர் கேட்ட கேள்விக்கு, அவளுக்கு மொழிபெயர்க்காமலே நான் பதில் சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அவளுடைய சிகிச்சை அறை இருட்டாக்கப்பட்டு, கதவு சாத்தப்பட்டது. நோயாளிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகும் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் ஓர் இராணுவ முகாமில் சில வாரங்கள் அடைத்து வைக்கப்பட்டு விடுபட்ட ராணி, கொழும்பு வழியாக லண்டனுக்கு வந்து மனோர் பார்க்கில் என் வீட்டு மேலறையில் இருந்தாள். முகாமில் முறுக்கப்பட்ட இடது கை எரிந்துகொண்டே இருந்தது. சட்டைத் துணி பட்டாலே துடிப்பாள். விரல்கள் மெல்ல மெல்ல உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸிலிருந்து விழுந்தவள் என்று உறவினரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

நரம்பு வலி என்றார் டொக்டர் (காயம் ஆறிய பிறகும் நரம்பு வலியை உணர்த்திக்கொண்டே இருப்பது). மாத்திரைகள் பலிக்காமல் போனபின் கெட்டமைன் தந்து பார்க்கலாம் என்றார் (மயக்க மருந்து; குறைந்த அளவில் ஏற்றினால் வலியைத் தணிக்கும், விழித்திருக்கும்போதே கனவு போன்ற காட்சிகளை எழுப்பும்). கை முற்றாக முடங்குவதற்கு முன் மிஞ்சியிருந்த ஒரே வழி அது.

“மருந்து ஏறும்போது அறை அமைதியாக இருந்தால் காட்சிகளும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அறையில் பயம் இருந்தால் அதுவும் பெருகும்” என்றார்.

ஆயத்தம் செய்வது எனக்குக் கைவந்தது. படித்தது பொறியியல். வீட்டுப் போர்வை, வெளுத்த தலையணை உறை, நாதஸ்வரக் கசெற் என்று எல்லாவற்றையும் கொண்டுபோனேன். யன்னலுக்குக் கறுப்புத் திரை கேட்டு வாங்கினேன். நடைபாதைச் சத்தம் வராதபடி கதவைச் சாத்தி வைக்கலாம் என்று யோசனை சொன்னவனும் நான்தான்.

எல்லாம் முடிந்தபின் டொக்டர் கேட்டார். “இருட்டு, மூடிய கதவு, கண்ணை மறைப்பது, கையைக் கட்டுவது, இவற்றில் எதற்காவது அவர் பயப்படுவாரா? எங்காவது அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாரா?”

அந்த மாதம் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ராணிக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். முகாமில் இருந்த பெண்ணிடம் அங்கே என்ன நடந்தது என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. தாங்களே முடிவு செய்துவிடுவார்கள்.

“இல்லை டொக்டர். நாங்கள் அமைதியான குடும்பம்” என்றேன்.

“என்னவாம் அண்ணை?” என்றாள் ராணி.

“அறை பிடிச்சிருக்கோ எண்டு கேக்கிறார்.”

“ஓம், வடிவாத்தான் இருக்கு. நாதஸ்வரத்தை மட்டும் குறையுங்கோ. கலியாண வீடெண்டு நினைச்சு டொக்டர் தாலி தேடப்போறார்.”

அவள் சிரித்தாள். தாதி திரையை இழுத்துவிட்டார். கண்ணுக்கு மறைப்புப் போட்டார். ஊசி அசையாதிருக்க வலது கையை ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டினார். கதவு சாத்தப்பட்டது.

சிறிது நேரத்தில் ராணி பேசத் தொடங்கினாள். எங்களோடு அல்ல.

“தெரியாது ஐயா. சத்தியமாத் தெரியாது ஐயா. கண்கட்டை அவிட்டு விடுங்கோ ஐயா.”

டொக்டர் குனிந்தார். “என்ன சொல்கிறார்?”

“பிரார்த்திக்கிறாள்” என்றேன்.

அவர் தலையசைத்து மருந்தைத் தொடர்ந்து ஓடவிட்டார். முதல் பொய்யை யோசித்துச் சொன்னேன். இதை யோசிக்காமலே சொன்னேன். அவள் கையைப் பிடுங்கி ஊசி கழன்று, தலையணை உறையில் இரத்தம் பட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

அதன்பின் ராணி விளக்கைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தே உறங்கினாள். என்னோடு பேசுவதை நிறுத்தினாள். இடது கை நகங்கள் உள்ளங்கையைக் கிழித்தன. இந்த மருந்து அவளுக்கு ஒத்துவராது, இனிக் கொடுப்பதில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

தனியே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், சம்பந்தம், பிரார்த்தனை என்ற பொய். சொன்னதும் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இதை என்னிடம் சொல்ல உங்கள் தங்கை சம்மதித்தாரா?”

நான் அவளைக் கேட்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து ராணியிடம் என் பொய்களையும், அவளைக் கேட்காமல் டொக்டரிடம் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். “இப்பவும் நீங்கள்தான் கதைச்சுப்போட்டு வாறியள்.”

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மொழிபெயர்க்க அங்கே எங்கள் ஊர்க்காரி ஒருவரை ஒழுங்கு செய்தபோது மறுத்தாள். “எங்கட ஆக்கள் வேண்டாம். நான் வீடு போய்ச் சேர முன்னம் கதை கோயிலுக்குப் போய்ச் சேந்திடும்.” கடைசியில் சென்னையிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா வந்தார். “நீங்க சொல்றத மட்டும்தான் சொல்வேன். சொல்லாதத என்கிட்ட யாரும் கேட்டு வாங்க முடியாது” என்று அவர் ராணியிடம் சொன்னது வாசலில் நின்ற என் காதில் விழுந்தது.

அவளிடமே கேட்டறிந்தபின் டொக்டர் அந்த மருந்தை மறுபடி தர இணங்கினார். இரண்டாவது அறையை ராணியே ஆயத்தம் செய்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் கட்டிலைத் தள்ளினேன். படுத்தபடியே வாசல் தெரிய வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். திரை வேண்டாம், கண்மறைப்பு வேண்டாம், விளக்கு எரியட்டும். பலகைக்குப் பதிலாகத் தாதி கையைப் பிடித்திருக்க வேண்டும். உடம்பில் எதையும் வைக்குமுன் தமிழில் சொல்ல வேண்டும். அவள் ‘போதும்’ என்றால் மருந்து நிற்க வேண்டும். டொக்டர் அந்தச் சொல்லைப் பாடமாக்கினார். என் போர்வையும் கசெற்றும் என்னிடமே திரும்பி வந்தன.

“அண்ணை இந்த மாடியிலயே நிக்கக் கூடாது” என்றாள்.

கீழே பஸ் தரிப்பிடத்தில் இருந்தேன். பஸ்கள் வந்தன, போயின. மேலே ஒரு மணித்தியாலமா ஓர் இரவா என்று தெரியாத ஒரு காலத்துக்குள் அவள் போயிருந்தாள். முதல் தடவை பாதியில் போதும் என்றாளாம். நிறுத்தினார்களாம். அடுத்த தடவை சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மருந்து இறங்கிய பிறகு டொக்டரோடும் அந்த அம்மாவோடும் நெடுநேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சம்பந்தம் நின்றுபோனது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “நல்லதாப் போச்சு. அந்த மனுசன் தேத்தண்ணி குடிக்கிற சத்தத்துக்கு எனக்கு வேற மருந்து எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றாள்.

எரிவு முற்றாகப் போகவில்லை. தாங்கும் அளவுக்குக் குறைந்தது. மூன்று விரல்கள் நிமிர்ந்தன, இரண்டு நிமிரவில்லை. முதல் அறையோடு வீணான மாதங்கள் இல்லாதிருந்தால் அவையும் நிமிர்ந்திருக்குமா என்று டொக்டரிடம் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். ராணி வெஸ்ட் ஈலிங்கில் தனியே ஓர் அறை எடுத்துப் போனாள். இன்றும் விளக்கை அணைக்காமல்தான் தூங்குகிறாள்.

இத்தகைய அறையை ஆயத்தம் செய்யப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மெத்தையையும் இசையையும் பிறகு பார்க்கலாம். பயம் யாருடையதோ அவரையே பேச விடுங்கள். நீங்கள் நெருங்கிய உறவு என்றால், வெளியே போய் நில்லுங்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தவளிடம் கேட்டேன். “என்னை மன்னிச்சிட்டியோ, ராணி?”

“என்னட்டக் கேட்டதுக்கெல்லாம் நீங்களே மறுமொழி சொன்னனீங்கள். இதுக்கும் நீங்களே சொல்லுங்கோ” என்றாள்.

அவள் எழுந்து குளிர்க்கோட்டை மாட்டினாள். இடது கையின் மூன்று விரல்களால் மேல் பொத்தானைத் தேடிப் பிடித்தாள். அது நழுவியது. மறுபடியும் பிடித்தாள். என் கை தானாக முன்னே போயிற்று; அதை இழுத்துக்கொண்டேன். கடைசிப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை, அவள் எடுத்த நேரம் முழுவதும், கைகளைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தேன்.