உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்ட நெஞ்சு

ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் ஒரு காலை, கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சு இடித்தது. இடது தோளிலிருந்து விரல்வரை மரத்துப் போயிற்று. சட்டை நனைந்துவிட்டது. பையைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இசிஜி எடுத்தார்கள். நார்மல் என்றார்கள்.

உத்தியோக காலம் முழுவதையும் வருவாய்த் துறையில் கழித்தவன் நான். காரணம் சொல்லாத ஆணை மேல்முறையீட்டில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். 'நார்மல்' என்பது அப்படிப்பட்ட ஆணைதான். நெஞ்சு இடித்தது உண்மை. ஏன் இடித்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே முறைப்படி மேலே போனேன். சேலத்தில் எக்கோ, புதுச்சேரியில் டிரெட்மில். இதற்கிடையில் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது. அதைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். தலை சுற்றியது, நரம்பு மருத்துவர். வயிறு எரிந்தது, குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாப் பிரிவும் ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டன. இவ்வளவு தடையின்மைச் சான்று கிடைத்த மனிதன் நிம்மதியாக இருக்க வேண்டும். நான் ஒவ்வொரு காலையும் கண் விழித்தவுடன், இன்னும் இருக்கிறேனா என்று மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதய மருத்துவர் ஒருவர்தான் பொறுமையாகச் சொன்னார், மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று. ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். தீர்க்க முடியாத மனு மேசைக்கு வந்தால், 'உரிய நடவடிக்கைக்காக உரிய பிரிவுக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதுவோம். மனு நம் மேசையை விட்டுப் போய்விடும். எங்கே போயிற்று என்பது மனுதாரர் கவலை. டாக்டரும் தன் மேசையைக் காலி செய்கிறார், தொழில் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அது சட்டையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டது.

அதன் பிறகு உலகம் சுருங்கியது. எந்த ஊர் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் கேள்வி. எலவனாசூர்கோட்டையில் உறவுக்காரர் கல்யாணம். தாலி கட்டி முடியும்வரை வாசலில் நின்ற காரை ஒட்டியே நின்றேன். ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போகும் வழக்கம் நின்றது. தெருக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன், அதையும் விட்டேன். செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. யாருடன் பேசினாலும் ஒரு கையின் விரல் இன்னொரு கையின் நாடியில் இருந்தது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "கைய வுடுங்க, அது எங்கியும் போய்டாது" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளின் பேறுகால விடுப்பு முடிந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மருமகனுக்குத் திருப்பூரில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குழந்தை நடக்கும்வரை நாம் இரண்டு பேரும் மலையில் இருப்போம் என்று மனைவி முடிவு செய்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயமாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஆட்சேபணைகளை அடுக்கினேன். கொண்டை ஊசி வளைவு, குளிர், போன் சிக்னல். மலையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, ஆனால் இதய நிபுணர் இருக்கமாட்டார். கேட்டு முடித்துவிட்டு மனைவி சொன்னார்:

"அங்க இருக்கிற ஜனங்க எல்லாம் செத்தா போய்ட்டாங்க? பேத்தி இருக்கா அங்க."

கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை தாங்கினேன். கோமுகி அணைப் பக்கம் வந்தபோது போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மலை எதிரே நின்றது. நெஞ்சு இடித்தது, கை மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். மனைவியும் இறங்குவார் என்று நினைத்தேன். மூட்டைகளை மடியில் வைத்தபடி அவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"சாவி பக்கத்து வூட்ல குடுத்திருக்கேன். வாங்கிக்குங்க."

பஸ் மேலே போய்விட்டது.

தனி வீட்டில் எனக்கு எதுவும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. ஒரே ரசத்தைச் சூடுபண்ணிக் குடித்தேன். படுத்தே கிடந்தேன். எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. வீடியோ காலில் குழந்தையின் முகம் பாதியில் உறைந்து நிற்கும். குப்புற விழுந்துவிட்டாள் என்று மனைவி சொன்னார். தவழ ஆரம்பித்துவிட்டாள் என்றார். எனக்கு எல்லாம் தகவலாகத்தான் வந்து சேர்ந்தன.

சென்னைக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். அங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. கீழே இருக்கிற வழிகளை எல்லாம் முயன்று பார்க்காமல் உயர்நீதிமன்றம் போனால், அங்கே முதல் கேள்வியே அதுதான். நான் முயலாத வழி ஒன்று பாக்கி இருந்தது. கோப்பு முழுமையாக இருக்கட்டும் என்பதற்காக மட்டுமே மனநலப் பிரிவுக்குப் போனேன்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னப் பெண். நான் மருத்துவ அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் அவற்றைத் தள்ளி வைக்கவில்லை, எல்லாவற்றையும் படித்தார். பிறகு, எங்கெல்லாம் போவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கல்யாணம், கோயில், தெரு என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அணைக்கு வந்ததும் அறிக்கைகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லைன்றீங்க" என்றேன் கடைசியில்.

"வலி இல்லன்னு நான் சொல்லவே இல்லையே ஐயா. வலி நெஜந்தான். இதயத்துல இருந்து வரல."

பிறகு விளக்கினார். ஆபத்து இல்லாதபோதும் உடம்பு அபாய மணி அடிக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் நான் ஓடுவதால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று அது நம்பிவிடுகிறது. மனச்சோர்வும் சேர்ந்திருக்கிறது. மாத்திரை உண்டு, பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதலில் வயிற்றைப் புரட்டலாம். வாராவாரம் வந்து பேச வேண்டும். புதிதாக வலி வந்தால் அவரிடம் சொல்ல வேண்டும், நானாக ஊர் ஊராகப் போகக்கூடாது. நாடி பார்க்கக்கூடாது. காரணம் சொல்லி எனக்குக் கிடைத்த முதல் ஆணை அது. மேல்முறையீட்டுக்கு இடம் தேடிப் பார்த்தேன். சட்டென்று எதுவும் அகப்படவில்லை.

மலைக்குப் போகும் பஸ்ஸில் வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வரும் ஐயா. வந்தா அப்படியே உக்காந்திருங்க. எறங்காதீங்க."

அதை எழுதித் தருவீர்களா என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சொன்னபடியே வயிறு புரட்டியது. சொன்னபடியே உடனே எதுவும் சரியாகவில்லை. பிறகு ஒருநாள் செய்தித்தாளை மடிப்புப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிறேன் என்பது பாதியில்தான் தெரிந்தது. அடுத்த முறை டாக்டர், மலைக்குப் போய்ப் பாருங்கள் என்றார். பஸ் ஏறினேன்.

பயம் அணைக்கட்டிலேயே எனக்காகக் காத்திருந்தது. சிக்னல் போயிற்று. நெஞ்சு இடித்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில், மலைச் சந்தைக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாந்தி வருகிறதா, எலுமிச்சம்பழம் இருக்கிறது என்றார்.

"இல்லிங்க பாய். பயமா இருக்குது."

இப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நல்ல டிரைவர்தான் சார்" என்றார் பாய். பழத்தையும் கையில் வைத்தார்.

வளைவுக்கு வளைவு இறங்கிவிடலாம் என்று தோன்றியது. இறங்கவில்லை. இதை வெற்றி என்று எழுத மாட்டேன். பாதி மலைக்கு மேல் இறங்கினாலும் கீழே போக வேறு பஸ் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நிறுத்தத்தில் மனைவி குழந்தையுடன் நின்றிருந்தார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"வழியில வந்துச்சா?"

"வந்துச்சு."

"எறங்கலியா?"

"எறங்கல."

என் பையை வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்தார். என்னை யாரென்றே தெரியாததால் அவள் வீறிட்டு அழுது, முதுகை வளைத்துத் துள்ளினாள். கீழே விழாமல் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டன. நெஞ்சு இடித்துக்கொண்டுதான் இருந்தது. நாடி பார்க்கக் கை இல்லை.