காற்று போன வழி

டயர் கடைக்கு வருகிறவர்கள் அவளை ஏனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டயர் போய்விட்டது, வேறு போடுங்கள் என்றால் மற்ற கடைகளில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அவள் மட்டும் "ஏன் போச்சு?" என்பாள். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் சக்கரம் நேராக நிற்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் ரசீது எழுத வந்தவள், வேலையில்லாத மத்தியானங்களில் கழித்துப்போட்ட டயர்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தே இவ்வளவும் தெரிந்துகொண்டாள். இப்போது கடைச் சாவி அவளிடம்தான்.

அப்பேர்ப்பட்டவளுக்கே தண்ணி காட்டியது தங்கை வீட்டுக் காரின் முன்பக்க இடது சக்கரம்.

தங்கைக்கு மாதம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தூரம். வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நேரத்தில் அந்தச் சக்கரம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்றிறங்கி உட்கார்ந்துகொண்டது.

"புதுசாவே ஒண்ணு போட்டுடுங்கக்கா" என்றான் தங்கை புருஷன்.

"ஏன் இறங்குதுன்னு தெரியாம புதுசு போட்டா அதுவும் இறங்கும் மாப்பிள. ஸ்டெப்னி எப்படி இருக்கு?"

"என் தலை மாதிரிதான். வழவழன்னு."

சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு குமிழி இல்லை. மறுவாரம் டயரும் இரும்பு வட்டும் சேருகிற விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். அதுவும் இல்லை. மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியை மாட்டி அனுப்பிவிட்டு, சக்கரத்தைக் கடையிலேயே இரண்டு நாள் வைத்துக்கொண்டாள். காற்றழுத்தத்தை முப்பத்திரண்டுக்கு ஏற்றினாள்; முப்பத்திரண்டிலேயே நின்றது. காரில் மாட்டியதும் பழையபடி இறங்கியது.

தங்கை போனில் சிரித்தாள். "உன்கிட்ட வந்தா நல்ல பிள்ளையா இருக்கு. இங்க வந்தா குணத்தைக் காட்டுது."

சொன்னவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஏனக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. காரில் இருக்கும்போது இருந்து, கடைக்கு வரும்போது இல்லாமல் போவது எது?

மறுநாள் காலையில் மாப்பிள்ளையை வரச் சொன்னாள். அவன் இறங்கியதும் வழக்கம்போல முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தான். இரும்பு வட்டை மறைத்து வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கொடுப்பான். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்.

"கை வைக்காதீங்க" என்றாள் ஏனக்கா.

அவன் கை அப்படியே நின்றது.

அவள் தரையில் உட்கார்ந்து மூடியைப் பார்த்தாள். காற்றடிக்கும் வால்வு வெளியே வர மூடியில் ஓர் ஓட்டை உண்டு. ஓட்டை ஒரு பக்கம் இருந்தது. வால்வு இரண்டு விரற்கடை தள்ளி, மூடிக்கடியில் மாட்டிக்கொண்டு சாய்ந்திருந்தது. இடுக்கு வழியாகச் சோப்புத் தண்ணீர் விட்டாள். வால்வின் அடியில் கடுகு கடுகாக நுரை வந்தது.

மூடியைக் கழற்றினாள். ரப்பர் வால்வு நிமிர்ந்தது. நுரை நின்றது. விரலால் சாய்த்தாள், அடியில் மயிரிழை வெடிப்பு வாய் திறந்தது.

"மூடி எப்ப வாங்கினீங்க?"

"போன மாசம். குழந்தையைக் கூட்டிட்டு வரும்போது வண்டி அழகா இருக்கட்டுமேன்னு..." அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

வால்வை மாற்றி, ஓட்டைக்கு நேராக மூடியைப் பொருத்தினாள். "தினம் காலையில அளந்து சொல்லுங்க. மூடியைக் கழட்டாம."

தினமும் போன் வந்தது. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. ஐந்தாம் நாள் காலையில் போன் வரவில்லை. உச்சி வெயிலில்தான் அடித்தது.

"பொண்ணுக்கா. மூணு கிலோ. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான் மாப்பிள்ளை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "முப்பத்திரண்டு."